வர்கலா பாறைச் சுவரும் ஏழாம் வகுப்புப் பாடமும்

திருவனந்தபுரம்: கடலோரத்தில் ஏறக்குறையச் செங்குத்தாக உயர்ந்து நிற்கும் பாறைக்குக் கடல் ஓங்கல் என்று பெயர். மத்தியப் பாடத்திட்டத்தின் ஏழாம் வகுப்புப் புவியியல் புத்தகத்தில், மாறிவரும் பூமியைப் பற்றிய பாடத்தில், 2007-இல் தொடங்கி 2024-25 கல்வியாண்டு வரை இந்த விளக்கம் இருந்தது. அதே பாடத்தில் அருவிகளுக்கு எடுத்துக்காட்டாக வெனிசுலாவின் ஏஞ்சல் அருவியும், வட அமெரிக்காவின் நயாகராவும், ஆப்பிரிக்காவின் விக்டோரியாவும் சொல்லப்பட்டிருந்தன. கடல் ஓங்கலுக்கு எந்த ஊரும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படவில்லை.

கேரளத் தலைநகரில் அந்தப் புத்தகத்தைப் படித்த மாணவர்கள் நயாகராவின் பெயரைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றிருப்பார்கள். அவர்கள் வடக்கு நோக்கிச் செல்லும் ரயிலில் ஏறியிருந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வர்கலாவில் இறங்கியிருக்கலாம். அரபிக்கடலின் விளிம்பில் பல கிலோமீட்டர் நீளத்துக்குச் சிவப்பும் வெள்ளையும் கருமையுமாக அடுக்கடுக்காக நிற்கிறது அங்குள்ள ஓங்கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் (ஜி.எஸ்.ஐ.) தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களின் பட்டியலில் கேரளத்திலிருந்து இடம்பெற்ற இரண்டில் இது ஒன்று. மற்றொன்று மலப்புரம் மாவட்டத்தின் அங்காடிப்புரம்.

நாடு முழுவதற்குமான ஒரு புத்தகம் ஒவ்வோர் ஊரின் பாறையையும் குன்றையும் பட்டியலிட முடியாது என்பது உண்மைதான். அந்தப் புத்தகத்தின் இடத்துக்கு 2025-இல் புதிய புத்தகமும் வந்துவிட்டது. ஆனால் பூமி எப்படி மாறுகிறது என்பதை 11 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எதைக் காட்டிக் கற்பிப்பது என்ற கேள்வி புத்தகத்தோடு மாறிவிடவில்லை. கேரளத்தில் இந்தக் கேள்வி தேர்வு மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதும் இல்லை. 2001-இல் அம்பூரியிலும், 2020-இல் பெட்டிமுடியிலும், 2024-இல் முண்டக்கையிலும் பூமி ஓர் இரவுக்குள் மாறியது.

சுவரில் எழுதியிருப்பது: வர்கலாவின் ஓங்கலை அடியிலிருந்து மேலே படிக்க வேண்டும். கீழே களிமண்ணும், கரிமப் பொருள் கலந்த கருநிறக் களிமண்ணும் உள்ளன. இடையிடையே பழுப்பு நிலக்கரியின் மெல்லிய பட்டைகள் தென்படும். நெய்வேலியில் சுரங்கம் வெட்டி எடுக்கிறார்களே, அதே இனத்தைச் சேர்ந்த கரிதான். ஒரு காலத்தில் இங்கே சதுப்பு நிலமும் அடர்ந்த தாவரமும் இருந்தன என்பதற்கு அதுவே சாட்சி. அதற்கு மேலே மணற்கல் அடுக்குகள். உச்சியில் செம்புரைக்கல், கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வீடு கட்ட வெட்டி எடுக்கும் வெட்டுக்கல் இதுதான். அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைக் கண்ட பிரான்சிஸ் புகானன், 1807-இல் வெளியான தம் நூலில், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இதற்கு "லாட்டரைட்" என்று பெயரிட்டார். பலத்த மழையும் வெயிலும் மாறி மாறித் தாக்கும் வெப்பமண்டலத்தில் பாறை சிதைந்து, கரையக்கூடியவை எல்லாம் கரைந்து போன பின் இரும்பும் அலுமினியமும் மிஞ்சி இறுகுவதால் உண்டாகும் கல் இது.

1882-இல் ஜி.எஸ்.ஐ.யைச் சேர்ந்த வில்லியம் கிங் இந்த அடுக்குகளை ஆராய்ந்து "வர்கலி அடுக்குகள்" என்று பெயரிட்டு எழுதினார். அந்தப் பெயர் இன்றும் நிலவியல் நூல்களில் வழங்குகிறது.

ஓங்கலின் அடிவாரத்தில் ஊற்றுகள் கசிவதைப் பாபநாசம் கடற்கரைக்கு நீத்தார் கடன் செலுத்த வரும் யாரும் பார்க்கலாம். மழைநீர் மணற்கல்லின் துளைகள் வழியே இறங்குகிறது. கீழே களிமண் அதை மேற்கொண்டு இறங்கவிடாது தடுக்கிறது. எனவே இரண்டும் சந்திக்கும் மட்டத்தில் நீர் பக்கவாட்டில் வெளியேறுகிறது. நீர் ஊடுருவும் பாறை, ஊடுருவாப் பாறை என்று கரும்பலகையில் எழுதிப் போடுவதற்குப் பதிலாக, பிள்ளைகளின் கையை அந்த ஊற்றில் வைத்துக் காட்டிவிடலாம். அதே ஊற்று ஓங்கலின் அடியை நனைத்துத் தளர்த்துகிறது. அலை அடியை அரிக்கிறது. மேலே உள்ள செம்புரைக்கல் தாங்கலின்றிச் சரிகிறது. ஓங்கல் ஆண்டுதோறும் ஏன் பின்வாங்குகிறது என்பதற்கும் விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது.

மலை முதல் மணல் வரை: வர்கலாவைவிடப் பன்மடங்கு பழைய பக்கம் ஒன்றும் இந்த மாவட்டத்தில் உண்டு. கோடைக்கு நகரவாசிகள் ஏறும் பொன்முடி மலையின் பாறைகள், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. ஒரு வகைப் பாறை இன்னொரு வகையாக மாறத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன நிலையை இங்கே கண்ணால் காணலாம். வெளிர்நிற நைஸ் பாறைக்குள் கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்னோகைட் தெரியும். பொன்முடியின் இந்தப் பாறை குறித்த ஆய்வு 1985-இல் "நேச்சர்" இதழில் வெளிவந்தது. அதன்பின் உலகெங்கிலுமிருந்து நிலவியலாளர்கள் இந்த மலைக்கு வந்து போகிறார்கள்.

சார்னோகைட் தமிழருக்கு அந்நியமான கல் அல்ல. சென்னை பரங்கிமலையும் பல்லாவரமும் அந்தக் கல்லால் ஆனவையே. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலந்து 1893-இல் இந்தப் பாறைக்கு அவர் பெயரை வைத்தார். அந்தக் கல் சென்னைப் பகுதியிலிருந்து போனது. பரங்கிமலையும் தேசிய நிலவியல் நினைவுச் சின்னம்தான். மின்சார ரயிலில் அதைக் கடந்து செல்லும் லட்சக்கணக்கானோரில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு விஷயம்.

பொன்முடி போன்ற மலைகளின் பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைகின்றன. சிதைந்த துகளை ஆறுகள் கடலுக்குக் கொண்டு சேர்க்கின்றன. கடல் அலைகள் எடை குறைந்த மணலை வாரிச் செல்ல, எடை மிகுந்த தாதுக்கள் கரையில் தங்கிவிடுகின்றன. கொல்லம் மாவட்டத்தின் சவறையிலும், கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் உள்ள கரிய மணல் இப்படி வந்ததுதான். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னைநார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுபிடித்தார். அந்த மணலின் தோரியம்தான் பின்னாளில் நாட்டின் அணுசக்தித் திட்டத்தில் இடம்பிடித்தது. மலை எப்படி மணலாகிறது என்ற பாடத்தை இதைவிடச் சுவையாகத் தொடங்க இயலுமா என்று தெரியவில்லை.

கயிற்றில் அளந்த காலம்: பாறையைக் காட்டிவிடலாம். காலத்தை எப்படிக் காட்டுவது? நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு இந்தப் பாடத்தில் உள்ள உண்மையான தடை இதுதான். பாட்டனார் காலம், ராஜராஜ சோழன் காலம், டைனோசர் காலம் மூன்றும் பிள்ளைகளின் மனத்தில் "முன்னொரு காலம்" என்ற ஒரே அறையில் கிடக்கின்றன.

நீளத்தை வைத்துக் காலத்தை உணர்த்துவது உலகெங்கும் ஆசிரியர்கள் கையாளும் வழி. கேரளத்தில் அதற்குத் தென்னைநார்க் கயிறு போதும். பூமியின் வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். ஒரு மீட்டருக்குப் பத்துக் கோடி ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால் 46 மீட்டர் கயிறு வேண்டும். பள்ளி மைதானத்தில் அதை நீட்டிப் பிடித்து, ஒரு முனையைப் பூமியின் பிறப்பு என்றும் மறுமுனையை இன்று என்றும் கொள்வோம். உயிரின் மிகப் பழைய தடயங்கள் இன்றைய முனையிலிருந்து ஏறத்தாழ 35 மீட்டரில் வரும். பிறகு வெகு தூரம் நடக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் உயிரினம் எதையும் சந்திக்காமலேயே கயிற்றின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் கோண்டுவானா என்ற பெருநிலத்தில் ஒன்றிணைந்தபோது பொன்முடிப் பாறைகள் ஆழத்தில் வெந்து உருமாறின. அது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அதாவது ஐந்தரை மீட்டரில். மடகாஸ்கரை விட்டு இந்தியா பிரிந்தது 88 சென்டிமீட்டரில். டைனோசர்கள் மறைந்ததும் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பரவியதும் 66 சென்டிமீட்டரில். இமயமலை எழத் தொடங்கியது அரை மீட்டரில். வர்கலாவின் அடுக்குகள் கடைசி ஒரு சாணுக்குள். மனித இனத்தின் மூன்று லட்சம் ஆண்டுகள் அந்தக் கயிற்றில் 3 மில்லிமீட்டர். சங்க காலம் முதல் இன்று வரையிலான இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு ஒரு தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது.

இந்திய மொழிகளில் கற்பிக்கும் ஆசிரியருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. "மில்லியன் ஆண்டுகள்" என்பது பிள்ளைகளுக்கு வெறும் ஓசை. "கோடி" வீட்டில் புழங்கும் சொல். லாட்டரிச் சீட்டின் பரிசுத் தொகையால் கேரளப் பிள்ளைகளுக்குக் கோடியின் பூச்சியங்களும் நன்கு தெரியும்.

மெதுவான மாற்றத்தையும் அவர்கள் கைக்கு எட்டும் அளவில் சொல்ல முடியும். இந்தியப் புவித்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுமி பிறந்த நாள் முதல் இன்றுவரை திருவனந்தபுரம் அவளையும் சுமந்துகொண்டு அரை மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கிறது.

கேரள வகுப்பறையில் இந்தப் பாடம் தொடங்கியதும் பரசுராமர் வந்துவிடுவார். அவர் வீசிய கோடரிக்குக் கடல் பின்வாங்கி நிலம் தந்தது என்ற கதையை அறியாத குழந்தை அங்கே இல்லை. தமிழக வகுப்பறையில் கடல்கோளும் குமரிக்கண்டமும் வரும். லெமூரியா என்ற கருத்தை 1864-இல் முன்வைத்த பிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினங்கள் ஏன் இருக்கின்றன என்பதற்கு விடை தேடியவர். நிலம் மூழ்கியது என்று அவர் எண்ணினார். நிலம் நகர்ந்தது என்று வெகெனர் 1912-இல் சொன்னார். 1960-களில் கடலடி ஆய்வுகள் நகர்வை உறுதிசெய்தன. அதே சமயம், ஏறத்தாழ 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது என்பதும், பின்னர் அது உயர்ந்து கரையோர நிலங்களை மூழ்கடித்தது என்பதும் நிறுவப்பட்ட உண்மைகள். கதையைக் கேலி செய்து ஒதுக்கும் ஆசிரியரும், கதையையே அறிவியலாகச் சொல்லிவிடும் ஆசிரியரும் பிள்ளைகளுக்கு ஒரே விதமான தீங்கைச் செய்கிறார்கள்: இருவருமே ஆதாரம் எது என்ற கேள்வியைக் கேட்கவிடுவதில்லை.

ஓர் இரவில் மாறிய நிலம்: புவியியல் பாடத்தில் மாற்றங்களை மெதுவானவை, திடீரென நிகழ்பவை என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். மலைச்சரிவில் வாழும் பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவினை போதாது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருமாறிய பாறை, லட்சக்கணக்கான ஆண்டுகளில் சிதைந்து மண்ணாகி, சில பத்தாண்டுகளில் மனிதரால் வெட்டப்பட்டு, இரண்டு நாள் மழையில் இறங்கிவிடுகிறது. மெதுவான மாற்றத்தின் கடைசி நிமிடம்தான் திடீர் மாற்றம்.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கே, தமிழக எல்லையை ஒட்டிய அம்பூரியில் 2001 நவம்பர் 9-ஆம் தேதி இரவு நடந்த நிலச்சரிவில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். மலைச்சரிவின் இயற்கையான நீர்வழிகள் ரப்பர் சாகுபடிக்காக மறிக்கப்பட்டிருந்ததும், மழைநீர் மண்ணுக்குள் தேங்கியதும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. இத்தகைய சரிவை மலையாளத்தில் "உருள் பொட்டல்" என்கிறார்கள். மலை உடைந்து பாறையும் மண்ணும் நீரும் உருண்டு வருவதை அந்தச் சொல் அப்படியே காட்டிவிடுகிறது.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு இடுக்கி மாவட்டத்தின் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் புதைந்தன. உயிரிழந்த 70 பேரில் மிகப் பெரும்பாலோர் தென் தமிழகத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தினர். வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தன. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முண்டக்கைக்கு அது புதிதல்ல. 1984-இல் அங்கே நிலச்சரிவில் 14 பேர் இறந்திருக்கிறார்கள். அருகிலுள்ள புத்துமலையில் 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி 17 பேர் இறந்தார்கள். 2023-இல் வெளியான இஸ்ரோவின் நிலச்சரிவு வரைபடத் தொகுப்பில், நாட்டில் பாதிப்புக்கு ஆளாகக்கூடிய 147 மாவட்டங்களின் வரிசையில் வயநாடு 13-ஆவது இடத்திலும் திருவனந்தபுரம் 28-ஆவது இடத்திலும் இருந்தன.

முண்டக்கைச் சரிவில் சிதைந்த வெள்ளார்மலை அரசுப் பள்ளியின் மின்னிதழில், அந்த அழிவுக்கு முன்பே ஒரு மாணவி எழுதிய சிறுகதை வெளியாகியிருந்தது. ஆபத்து வருகிறது, ஓடிவிடுங்கள் என்று குழந்தைகளை ஒரு பறவை எச்சரிப்பதாக அந்தக் கதையில் வருகிறது. சரிவுக்குப் பின் அந்தக் கதை நாடெங்கும் பேசப்பட்டது. தீர்க்கதரிசனம் என்று வியந்தவர்கள் பலர். மழைக்காலத்தில் மலையடிவாரத்தில் வளரும் பிள்ளைக்கு ஆற்றின் குணம் தெரியும் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த பள்ளிக் கலைத் திருவிழாவின் தொடக்க நாளில் வெள்ளார்மலை மாணவிகள் மேடையேறி ஆடினார்கள்.

அந்த அனுபவ அறிவைப் பாடமாக்குவது கடினமல்ல. ஓடை நீர் திடீரெனக் கலங்கிச் சேறாக வருவது, மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடை வற்றுவது, சரிவில் புதிய ஊற்றுகள் கிளம்புவது, தரையிலும் சுவரிலும் விரிசல் விழுவது, மரங்களும் மின்கம்பங்களும் சாய்வது ஆகியவை சரிவு நெருங்குவதன் அறிகுறிகள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இவை புரியும். வீட்டில் சொல்லவும் செய்வார்கள்.

மழையை அளக்கும் பழக்கத்தைக் கேரளம் பள்ளிகளுக்குக் கொண்டுவந்திருக்கிறது. சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ், புவியியல் பாடம் உள்ள 200-க்கும் மேற்பட்ட அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வானிலை நிலையங்கள் அமைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. மழைமானியும் வெப்பமானியும் காற்றுவேகமானியும் கொண்டு மாணவர்களே தினமும் குறிப்பெடுக்கும் ஏற்பாடு அது. பாராட்டத்தக்க முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் மேல்நிலைப் பள்ளியில் புவியியலைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே அது வாய்க்கிறது. உலகத்தைப் பற்றிய கேள்விகள் மிகுந்த வயது அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முந்தையது. நேரான பக்கங்கள் உள்ள புட்டியும் அளவுகோலும் இருந்தால் ஒரு நடுநிலைப் பள்ளியும் மழையை அளக்கலாம்.

தில்லியில் யாருடைய பாடம்?: கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது 1976-இன் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று சேர்த்ததும் அதே திருத்தம்தான். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்குமாறு உச்ச நீதிமன்றம் 1991-இல் கூறியது. 2003-இல் அதை மீண்டும் வலியுறுத்தியது.

என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லிப் பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியது. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டனர். மேல்வகுப்பில் அந்தப் பாடம் இருக்கிறது என்பது அரசுத் தரப்பின் விளக்கம். பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிடும் மாணவருக்கு அந்த விளக்கத்தால் பயனில்லை. மேலே சொன்ன 46 மீட்டர் கயிற்றில் பாறைகளின் கதையும் உயிர்களின் கதையும் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை உருவிவிட்டு மற்றதை முறுக்க முடியாது.

கேரளத்தில் பத்தாம் வகுப்பு வரை மாநிலக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி கவுன்சில் தயாரிக்கும் புத்தகங்களே அரசுப் பள்ளிகளில் வழங்குகின்றன. புதிய பாடத்திட்டத்துக்காக 2022 நவம்பரில் வகுப்பறைகளில் மாணவர்களிடமே கருத்துக் கேட்கப்பட்டது. அதன்படி 1, 3, 5, 7, 9-ஆம் வகுப்புகளுக்கு 2024-இலும், 2, 4, 6, 8, 10-ஆம் வகுப்புகளுக்கு 2025-இலும் புத்தகங்கள் வந்தன. இந்தப் புத்தகங்கள் தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகின்றன என்பது தமிழக வாசகர்கள் பலர் அறியாத செய்தி. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிகளில் அவைதாம் பாடநூல்கள். பெட்டிமுடியைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பிள்ளைகளுக்கு நிலச்சரிவின் அறிகுறிகள் எந்தச் சொற்களில் போய்ச் சேரும் என்பதை அந்த மொழிபெயர்ப்பே தீர்மானிக்கும்.

இவற்றுக்கு நிதி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் தில்லி குறுக்கிடுகிறது. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேராத கேரளம், தமிழகம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களுக்குச் சமக்ர சிக்ஷா நிதி வராதது குறித்து, கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2025 மார்ச்சில் அளித்த மானியக் கோரிக்கை அறிக்கையில் கவலை தெரிவித்தது. 2025 அக்டோபரில் கேரளம் அந்தத் திட்டத்துக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. கூட்டணிக்குள் எழுந்த எதிர்ப்பால் அதே மாதத்தில் அதை நிறுத்திவைக்க முடிவு செய்தது. இரு தரப்பு வாதங்களிலும் நியாயம் தேடுபவர்கள் தேடட்டும். மழைமானிக்கு அரசியல் தெரியாது.

இன்னொரு சிக்கல் நாடாளுமன்றத்தின் கேள்வி நேரத்தைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்குப் புரியும். வர்கலா ஓங்கலைப் பற்றிய கேள்வி ஜி.எஸ்.ஐ.யைத் தன்வசம் வைத்திருக்கும் சுரங்க அமைச்சகத்துக்குப் போகும். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம், 1978-இல் கேரள அரசு தொடங்கி 2014-இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட நிறுவனம். அதைப் பற்றிய கேள்வி புவி அறிவியல் அமைச்சகத்துக்கு. பாடப்புத்தகம் கல்வி அமைச்சகத்துக்கு. கரையோர ஒழுங்குமுறை சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாள், தனித்தனி விடை. ஆக்குளத்தின் ஆய்வறிக்கைகள் நகரின் மறுகோடியில் பூஜப்புரையில் பாடநூல் எழுதுவோர் மேசைக்குப் போகும் வழி எந்த அமைச்சகத்தின் பொறுப்பு என்ற கேள்விக்கு இந்த நான்கிலும் விடை கிடையாது.

இந்த இடைவெளியைக் கேரளத்தில் ஓரளவு நிரப்பியவை தன்னார்வ இயக்கங்கள். 1962-இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1970 முதல் சிறுவர்களுக்காக "யுரீக்கா" இதழை நடத்தி வந்திருக்கிறது. தமிழகத்தில் 1987-இல் தொடங்கிய "துளிர்" அதே வழியில் வந்தது.

சட்டம் இல்லாத சின்னம்: 2024 ஜூனில் வர்கலா பாபநாசத்தில் ஓங்கலின் ஒரு பகுதி, சரிந்து விழும் ஆபத்து இருப்பதாகக் கூறி, மாவட்ட நிர்வாகத்தின் உத்தரவின்பேரில் இயந்திரம் கொண்டு இடித்து அகற்றப்பட்டது. தேசிய நிலவியல் நினைவுச் சின்னம் என்பதால் ஜி.எஸ்.ஐ. இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தது. கீழே பக்தர்கள் கூடும் இடத்தில் பாறை விழுந்தால் யார் பொறுப்பு என்ற நிர்வாகத்தின் கவலையை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் சின்னம் என்று அறிவித்த துறையிடம் அதைத் தடுக்கும் அதிகாரம் இல்லை என்பது அன்று வெளிப்பட்டது. கோயிலுக்கும் கோட்டைக்கும் 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம் உண்டு. பாறைக்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவேதான் அரியலூர், பெரம்பலூர் பகுதிகளின் கடல் புதைபடிவங்களும், சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரமும் உள்ளூர்க்காரர்களின் நல்லெண்ணத்தை நம்பியிருக்கின்றன.

மரபுச் சின்னங்களுக்குத் தேசிய ஆணையம் அமைக்கும் மசோதா 2009-இல் மாநிலங்களவையில் அறிமுகமாகி, பின்னர் திரும்பப் பெறப்பட்டது. புவிமரபுத் தலங்களையும் புவி எச்சங்களையும் பாதுகாப்பதற்கான வரைவு மசோதாவைச் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. தலங்களை அறிவிக்கவும், அங்கே கட்டுமானங்களைத் தடுக்கவும், சேதப்படுத்துவோரைத் தண்டிக்கவும் அதில் வகை செய்யப்பட்டிருந்தது. அதிகாரம் முழுவதும் ஜி.எஸ்.ஐ.யிடம் குவிகிறது, மாநிலங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இடமில்லை என்ற விமர்சனம் எழுந்தது. விமர்சனத்தை ஏற்றுத் திருத்தியிருக்கலாம். 2023, 2024-ஆம் ஆண்டுகளின் கூட்டத்தொடர்கள் வந்து போயின. மசோதா அவையின் முன் வரவில்லை.

2025 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தியாவின் ஏழு இயற்கைத் தலங்கள் சேர்க்கப்பட்டன. வர்கலா ஓங்கலும், லட்சக்கணக்கான தமிழகப் பக்தர்கள் ஏறிச் செல்லும் திருமலைக் குன்றுகளும் அவற்றில் அடங்கும். உத்தேசப் பட்டியலில் குறைந்தது ஓராண்டு இருந்த பிறகே ஒரு தலத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக்க முறைப்படி விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பத்தில் அந்தத் தலத்தின் சிறப்பை மட்டும் எழுதினால் போதாது. அதைப் பாதுகாக்கும் சட்டம் எது, நிர்வாகத் திட்டம் எது, மக்களுக்கு அதை எடுத்துச் சொல்ல என்ன ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது என்ற கேள்விகளுக்கும் மத்திய அரசு விடை எழுத வேண்டியிருக்கும்.